விரல் பாதி, ஸ்பிரிங் பாதி

மேசைமேல் ஒரு கத்தி கிடக்கிறது. அமெரிக்காவில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய நண்பர் கொடுத்தது. அங்கே நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்கில் லைட்டர், சாவிக்கொத்து இவற்றுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பார்களாம். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பிடியில் புடைப்பாக ஒரு டிராகன். அலகு, தண்ணீரில் பெட்ரோல் சிந்தினாற்போல நீலமும் ஊதாவுமாக மினுங்குகிறது. பாக்கெட்டில் செருகிக்கொள்ள ஒரு கிளிப். 'சும்மா பொம்மைங்க இது. கொய்யாப்பழம் நறுக்கக்கூட லாயக்கில்ல' என்றார் நண்பர்.

பொம்மை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு முதலில் வேறொரு கட்டுரை எழுதினேன். ரொலாண் பார்த் 1957-ல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலில் சோப்புத்தூள், மல்யுத்தம், புதிய சித்ரோயன் கார், பிள்ளைகளின் பொம்மைகள் எல்லாம் வாசிக்கப்படுகின்றன. அதைப் படித்த நாளிலிருந்து ஒரு சரக்கைக் கண்டால் நமக்குக் கை சும்மா இருப்பதில்லை. டிராகன் ஒரு குறிப்பான். கிழக்கின் மர்மம் அதன் குறிப்பீடு. சீனத் தொழிலாளி செய்து அமெரிக்கன் வாங்கும் 'சீனத்தனம்'. வேட்டை, எல்லைப்புறம், ஆண்மை என்று எட்டுப் பக்கம் ஓடியது. எல்லாமே சரியாக இருந்தது. சந்தேகம் வந்ததும் அதனால்தான். கத்தி இருந்த இடத்தில் ஒரு பெல்ட்டையோ மோட்டார்சைக்கிள் ஸ்டிக்கரையோ வைத்தாலும் அதே எட்டுப் பக்கம் வந்திருக்கும். நம் சிறுபத்திரிகைக் குறியியலுக்கு இது ஒரு நோய். மேல்தோலை வாசித்துவிட்டு, பொருளை வாசித்ததாக எழுந்துவிடுகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த எட்டுப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கத்தியைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தேன்.

மூடியிருக்கும் அலகை உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் மூடிய நிலையிலேயே பிடித்து வைத்திருக்கிறது. அலகின் அடியில் ஒரு சிறு குமிழ். கட்டைவிரலால் அதைத் தள்ள வேண்டும். முதலில் ஓர் எதிர்ப்பு. கொஞ்ச தூரம் தள்ளியதும் அதே ஸ்பிரிங் கட்சி மாறிவிடுகிறது. இதுவரை மூடப் பார்த்தது இப்போது திறக்கத் தள்ளுகிறது. 'சடக்'கென்று அலகு வெளியே வந்து பூட்டிக்கொள்கிறது. தொடங்குவது விரல், முடிப்பது ஸ்பிரிங். 1990களின் இறுதியில் கென் ஆனியன் என்ற வடிவமைப்பாளரின் இத்தகைய அமைப்பை கெர்ஷா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு விலை உயர்ந்தவை, மலிந்தவை என்று எல்லாக் கத்திகளிலும் ஏறிவிட்டது. ஒரு கையால் திறக்க முடிவது தொழிலாளிக்கு வசதி, சரி. ஆனால் நேராக ஒரு பட்டனை வைத்து, அமுக்கினால் திறக்கும்படி செய்துவிட்டுப் போகலாமே? இந்த 'பாதி விரல்' எதற்கு?

அதற்குப் பதில் இயந்திரவியலில் கிடைக்காது. சட்டத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பட்டன் கத்திக்கு எதிரான பீதியின் தொடக்கத்தில் நிற்பது ஒரு பெண்கள் பத்திரிகைக் கட்டுரை. 1950 நவம்பரில் 'விமன்ஸ் ஹோம் கம்பேனியன்' இதழில் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கொல்லும் பொம்மை' என்று வரும். (என் நண்பரின் வாயில் வந்த அதே சொல்!) 1954-ல் நியூயார்க் மாநிலம் பட்டன் கத்தியைத் தடைசெய்தது. 1955-ல் 'ரிபெல் வித்தவுட் எ காஸ்' படத்தில் ஜேம்ஸ் டீன் வானாய்வுக்கூட வாசலில் கத்திச்சண்டை போட்டார். 1957-ல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' மேடையேறியது. அதில் கத்தி வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள். 1958 ஆகஸ்டில் மாநிலம்விட்டு மாநிலம் பட்டன் கத்தி விற்பதைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் வந்தது.

இந்தச் சட்டத்தை ஓர் இலக்கியப் பிரதியைப் படிக்கிற மாதிரி படித்துப் பார்க்கலாம். அலகின் கூர்மை அதற்குப் பொருட்டே இல்லை. சமையலறைக் கத்தி எத்தனை நீளமாயிருந்தாலும் அதற்குள் வராது. பிடியிலுள்ள பட்டனையோ வேறு கருவியையோ கை அமுக்க, தானாகத் திறப்பது; அல்லது நிலைமத்தாலோ புவியீர்ப்பாலோ தானாகத் திறப்பது. இதுதான் வரையறை. குற்றம் 'தானாக' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. விலக்குகளில் ஒன்று என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. ஒரு கை மட்டுமே உள்ளவர், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள பட்டன் கத்தியைத் தன்னுடன் எடுத்துச்செல்லலாம். கருணைதான், மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தின் மனத்திலிருக்கும் 'இயல்பான' உடலும் அங்கேதான் வெளிப்படுகிறது. இரண்டு கை உள்ளவன் இரண்டு கையாலும் நிதானமாகக் கத்தியைத் திறக்க வேண்டும். அவசரப்படும் கை, சந்தேகத்துக்குரிய கை.

பிடியில் பட்டன் கூடாது என்றால் அலகிலேயே குமிழை வைத்துவிட்டால் ஆயிற்று. நம் கத்தி பிறந்தது இந்தச் சந்துக்குள்தான். அதன் ஸ்பிரிங்கை வளைத்ததில் சட்ட வாசகத்துக்கும் பங்கு உண்டு. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தடை ஒரு பொருளை ஒழித்துக்கட்டுவதைவிட, அதன் பக்கத்தில் இன்னொரு பொருளை உண்டாக்குவதுதான் அதிகம்.

2009 மே மாதம் அமெரிக்கச் சுங்கத்துறை தன் பழைய தீர்மானங்களை விலக்கிக்கொண்டு, இந்தக் கத்திகளும் பட்டன் கத்திகளே என்று வகைப்படுத்த முன்மொழிந்தது. இறக்குமதி நின்றுவிடும் என்றதும் கத்தித் தொழில் அமைப்புகள் கொதித்தெழுந்தன. ஐந்தே மாதம். அக்டோபர் இறுதியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு சேர்த்து 1958 சட்டத்தில் ஒரு புதிய விலக்கு எழுதப்பட்டுவிட்டது. அலகு மூடிக்கொள்ளும் பக்கமாகச் சாய்வு இருக்க வேண்டும். கை, மணிக்கட்டு அல்லது புஜத்தின் முயற்சியால் அந்தச் சாய்வை வென்று திறக்க வேண்டும். அப்படியானால் அது பட்டன் கத்தி அல்ல. ஆங்கிலத்தில் 'பயஸ்' என்ற சொல்லையே போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பாரபட்சம் என்றும் பொருள் உண்டு. ஒரு சரக்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சட்டம் எவ்வளவு நுணுக்கமாக வாசிக்கிறது, பாருங்கள். உரையாசிரியர்கள் தோற்றார்கள்!

இனி அந்தக் கிளிப்புக்கு வருகிறேன். பாக்கெட் விளிம்பில் கத்தியைச் செருகி நிறுத்தும் கிளிப்பை 1981-ல் ஸ்பைடர்கோ நிறுவனம் பரப்பியது. அதுவரை கத்தி பாக்கெட்டின் அடியில் சில்லறையோடு கிடந்தது. கிளிப் வந்தபின் வெளியே ஒரு விரற்கடை உலோகம் தெரிகிறது. இன்றைக்கு அமெரிக்க ஆண்கள் 'எவ்ரிடே கேரி' என்று சொல்லி, தினமும் கூடவே வைத்திருக்கும் கத்தி, கைவிளக்கு, கடிகாரம், பர்ஸ் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் படமெடுத்து மகிழ்கிறார்கள். டிராகன், மண்டையோடு, தேசியக்கொடி எல்லாம் அங்கே அணிவகுக்கின்றன. வெளியே தெரியும் அந்த விரற்கடை ஒருவருக்குப் பெருமை. இன்னொருவருக்கு அதுவே போலீஸ் நிறுத்துவதற்கான காரணம்.

நியூயார்க்கில் 1958-லிருந்து புவியீர்ப்புக் கத்திக்குத் தடை இருந்தது. மணிக்கட்டை உதறினால் திறந்து பூட்டிக்கொண்டால் அது புவியீர்ப்புக் கத்தி. உதறிப் பார்ப்பவர் போலீஸ்காரர். பழகிய மணிக்கட்டுக்குச் சாதாரண மடக்குக்கத்தியும் திறந்துவிடும். கிளிப்பைப் பார்த்து நிறுத்தி, உதறிப் பார்த்து, ஆயிரக்கணக்கானோரைக் கைது செய்தார்கள். தச்சர்கள், எலெக்ட்ரீஷியன்கள், சமையல்காரர்கள். பெரும்பாலோர் கறுப்பர்களும் ஹிஸ்பானியர்களும். அதே கத்திகளை விற்ற பெரிய கடைகள் மீதும் 2010-ல் மன்ஹாட்டன் அரசு வழக்குரைஞரின் கண் பட்டது. கடைகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 19 லட்சம் டாலர் கட்டி வழக்கிலிருந்து விலகிக்கொண்டன. வாங்கியவன் விலங்கோடு போனான். அந்தத் தடை நீங்க 2019 மே வரை ஆயிற்று.

இந்த இடத்தில் அலங்காரத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. எம்.ஏ. படித்த பாவத்துக்கு எனக்குப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு ஞாபகம் வருகிறது. தொண்டைமானிடம் தூதுபோன ஔவையார், அவன் ஆயுதங்கள் பீலியும் மாலையும் பூண்டு நெய் பூசிக் காவல்மனையில் இருப்பதையும், அதியமானின் ஆயுதங்கள் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒன்றாகச் சொல்கிறார். அலங்காரம் அங்கே பயன்படாமையின் அடையாளம். புகழ்வதுபோல ஏளனம். என் நண்பரும் அதைத்தான் சொன்னார்: டிராகன் போட்டிருக்கு, ஆகவே பொம்மை. அலங்காரம் ஆயுதத்துக்கு ஜாமீன் கொடுக்கிறது.

எல்லாருக்கும் கொடுக்கிறதா? 1957-ல் சிட்னி லூமெட் எடுத்த '12 ஆங்ரி மென்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கத்தி மறந்திருக்காது. சேரிப் பையன் ஒருவன் தகப்பனைக் கொன்றதாக வழக்கு. கொலைக்கத்தி வேலைப்பாடு கொண்ட பிடியுள்ள பட்டன் கத்தி. பையன் வாங்கியதும் அப்படித்தான் ஒன்று. பாக்கெட் ஓட்டை வழியே விழுந்துவிட்டது என்கிறான். (கிளிப் அப்போது வரவில்லை, என்ன செய்வது!) இப்படியொரு கத்தியை வேறெங்கும் பார்க்க முடியாது, ஆகவே அவன்தான் கொலையாளி என்று ஜூரிகள் அடித்துப் பேசுகிறார்கள். அலங்காரம் இங்கே கையெழுத்தாக, ரேகையாக வாசிக்கப்படுகிறது. ஹென்றி ஃபோண்டா தன் பாக்கெட்டிலிருந்து அச்சு அசலாக இன்னொன்றை எடுத்து மேசையில் குத்தி நிறுத்துகிறார். பையன் வீட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கியது. அந்தக் குத்தலில் தனித்தன்மை சரக்காகிவிடுகிறது. பார்த்தின் புத்தகமும் அதே 1957 என்பது தற்செயல்தான். ஆனால் குறியியல் பற்றி அந்த ஒரு காட்சியில் கற்றது, நான் கிழித்துப்போட்ட எட்டுப் பக்கத்தில் இல்லை. ஒரே டிராகன் ஒருவன் பாக்கெட்டில் விளையாட்டாகவும் இன்னொருவன் பாக்கெட்டில் வாக்குமூலமாகவும் வாசிக்கப்படுகிறது. பிரதியின் பொருளை வாசகன் உண்டாக்குகிறான் என்று நாம் கொண்டாடிப் பேசுகிறோமே, துப்பாக்கி வைத்திருக்கும் வாசகனையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சினிமாவில் ஃபோண்டா வருவார். பால்டிமோரில் 2015 ஏப்ரல் 12 காலையில் யாரும் வரவில்லை. ஃபிரெடி கிரே என்ற 25 வயதுக் கறுப்பு இளைஞர் போலீஸைக் கண்டதும் ஓடினார். அதுவே காரணமாயிற்று. துரத்திப் பிடித்துச் சோதித்ததில் கால்சட்டையின் வலது முன்பாக்கெட்டின் உட்புறம் கிளிப் மாட்டிய ஒரு கத்தி. போலீஸ் எழுதிய குறிப்பில் அது ஸ்பிரிங் உதவியோடு ஒரு கையால் திறக்கும் கத்தி. சாட்டிய குற்றமோ பட்டன் கத்தி வைத்திருந்தது. கைவிலங்கோடு வேனில் ஏற்றினார்கள். வேனுக்குள் முதுகுத்தண்டு முறிந்தது. ஏப்ரல் 19-ல் இறந்துபோனார்.

மே 1 அன்று அரசு வழக்குரைஞர் மரிலின் மோஸ்பி, அது பட்டன் கத்தியே அல்ல, மேரிலாந்து மாநிலச் சட்டப்படி வைத்திருக்கக்கூடியதுதான், கைதே சட்டவிரோதம் என்று அறிவித்தார். மாநிலச் சட்டம் பேனாக்கத்தியை ஆயுதப் பட்டியலிலிருந்து விலக்கியிருந்தது, பட்டன் வைத்ததாக இல்லாதவரை. போலீஸ் தரப்போ நகரச் சட்டத்தைக் காட்டியது. அதில் அலகைத் திறக்கவோ மூடவோ 'தானியங்கி ஸ்பிரிங் அல்லது வேறு கருவி' உள்ள கத்தி என்று இருக்கிறது. ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்த ஒரே கத்தி, மாநிலத்துக்குப் பேனாக்கத்தி, நகரத்துக்குப் பட்டன் கத்தி. 2009-ல் வாஷிங்டனில் அவ்வளவு நுணுக்கமாகச் சாய்வை அளந்த வாசகம் வணிகத்துக்காக எழுதப்பட்டது. நகரச் சட்டத்தை அது தொடவில்லை. இந்த வியாக்கியானச் சண்டை நடந்தபோது கத்தியின் சொந்தக்காரர் உயிரோடில்லை. முதல் தகவல் அறிக்கைகளைப் படித்துப் பழகிய நம்மூர்த் தோழர்களுக்கு இந்த வரிசை புதிதாயிருக்காது. முதலில் ஓடியவன், பிறகு கத்தி, பிறகு சட்டப்பிரிவு.

ஆறு போலீஸ்காரர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். மூன்று பேர் விடுதலையானார்கள். 2016 ஜூலையில் மற்றவர்கள் மீதான வழக்கும் கைவிடப்பட்டது.

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது என்கிறார்கள். 2024 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் பட்டன் கத்தித் தடையே அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. இதை ஒரு விடுதலையாக எடுத்துக்கொள்ளும் நண்பர்கள் இருக்கிறார்கள். நான் தயங்குகிறேன். அந்தத் தீர்ப்பு கத்தி வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. பால்டிமோர் தெருவில் அந்தக் காலையில் ஒரு மனிதன் ஓடத் தொடங்கியபோது கத்தியை இன்னும் யாரும் பார்த்திருக்கவில்லை.

நண்பர் போன வாரம் வந்திருந்தபோது கத்தியைத் திருப்பிக் கொடுத்தேன். ஏன், பிடிக்கலையா என்றார். சட்டைப் பையில் செருகிக்கொண்டார். கிளிப் வெளியே தெரிந்தது. பஸ்ஸில்தான் போகிறீர்களா என்று கேட்டேன். ஆமாங்க, அதுக்கென்ன என்றார்.