எந்தத் தண்ணீரைத் தாங்கும்?

2021 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா என்னை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனம். அறுவடைக்கு நின்ற மூன்று ஏக்கர் சம்பா, அந்த வாரம் விடாமல் பெய்த மழையில் பாய் விரித்த மாதிரி சாய்ந்து கிடந்தது. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கதிரை எடுத்து என் கையில் கொடுத்தார். மணிகளில் வெள்ளையாக முளை கிளம்பியிருந்தது.

"ஏம்ப்பா, நீ படிச்சவன். இது தண்ணிய தாங்குற ரகம்னு சொல்லித்தான் குடுத்தாங்க. எந்தத் தண்ணியன்னு யாரும் சொல்லலியே?"

அவர் போட்டிருந்தது சி.ஆர். 1009 சப்-1. அன்றைக்கு அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு நெல் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்து எழுதி வைத்த குறிப்புகளிலிருந்துதான் இந்தப் பதிவு. நான் விவசாயியும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. ஆனால் 'பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் ரகம்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தையில் ஒரு ஓட்டை இருக்கிறது. சித்தப்பாவின் கேள்வி அந்த ஓட்டையில்தான் விரலை வைத்தது.

முதலில், பாராட்டவேண்டியதைப் பாராட்டிவிடுவோம்

சப்-1 ஒன்றும் ஏமாற்று வேலை இல்லை. ஒடிசாவின் பள்ளக்கால் வயல்களில் விளைந்த நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம், முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை உயிரோடு இருக்கும் என்பது ரொம்ப நாளாகவே தெரியும். அந்தக் குணம் 9-வது குரோமோசோமில் இருக்கிறது என்று 1996-இல் கண்டுபிடித்தார்கள். எந்த மரபணு என்பது 2006-இல் தெரிந்தது. கெனாங் ஷூ, டேவிட் மேக்கில், பமீலா ரொனால்ட் ஆகியோரின் குழு அதை நேச்சர் இதழில் வெளியிட்டது.

இது வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. சாதாரண நெல், தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டால் மேலே வரத் துடிக்கும். இருக்கிற மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து இலையை நீட்டும். தண்ணீர் வடியும்போது கையிருப்பு தீர்ந்துபோய்ச் சாய்ந்துவிடும். சப்-1 உள்ள நெல் அப்படித் துடிக்காது. வளர்ச்சியை நிறுத்தி, மூச்சடக்கிக் கிடக்கும். தண்ணீர் வடிந்ததும் மிச்சம் வைத்த சத்தில் மறுபடி துளிர்க்கும்.

இந்த மரபணுவை, விவசாயிகள் ஏற்கெனவே பயிரிடுகிற ரகங்களுக்குள் கொண்டுவந்தார்கள். மரபணு மாற்றம் எல்லாம் இல்லை, அடையாளக் குறிகளை வைத்துத் திரும்பத் திரும்ப ஒட்டுச் சேர்க்கும் முறைதான். ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் 2009-இல் வெளியானது. நம் டெல்டாவில் பொன்மணி என்றும் வெறும் 'சி.ஆர்.' என்றும் சொல்லப்படும் நீண்டகால ரகத்துக்குள் அதே குணம் வந்ததுதான் சி.ஆர். 1009 சப்-1.

ஒடிசாவில் விவசாயிகளின் வயல்களிலேயே நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. பத்து நாள் மூழ்கிய வயலில், ஸ்வர்ணாவைவிட ஸ்வர்ணா சப்-1 சுமார் 45 சதவீதம் கூடுதல் மகசூல் கொடுத்தது. மூழ்காத வயலில் மகசூல் குறையவும் இல்லை. அந்த ஆய்வு இன்னொன்றும் சொன்னது: வெள்ளம் நிற்கிற தாழ்வான நிலங்களில் அதிகம் இருப்பவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். அதாவது, ஒரு விதை போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்த அபூர்வமான கதை இது.

அப்படியென்றால் சித்தப்பா வயலில் என்ன ஆயிற்று?

டெல்டாவில் தண்ணீர் நான்கு விதம்

நாம் வெள்ளம் என்று ஒரே பெயரில் சொல்வதை, நெற்பயிர் நான்கு வேறு வேறு ஆபத்துகளாகப் பார்க்கிறது.

ஒன்று, விதைத்தவுடன் நிற்கும் தண்ணீர். நாற்று விட ஆளும் இல்லை, ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்ற நிச்சயமும் இல்லை என்பதால், கடைமடையில் பலர் புழுதியில் நேரடியாக விதைத்துவிடுகிறார்கள். விதைத்த மறுநாள் கொட்டித் தீர்த்தால் விதை தண்ணீருக்கடியில் அழுகும். இங்கே சப்-1 உதவாது. அதற்கு வேறு மரபணு வேண்டும். மியான்மரின் காவ் லான் ஆன் என்ற நாட்டு நெல்லிலிருந்து அப்படி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இரண்டு, தூர் கட்டும் பயிரை முழுக்க மூடி, ஓரிரு வாரத்தில் வடியும் தண்ணீர். சப்-1 இதற்காகவே உருவானது. இதில் அதை அடிக்க ஆள் இல்லை.

மூன்று, மூடவும் மூடாது, வடியவும் வடியாது. முழங்கால் அளவுக்கு வாரக்கணக்கில் நிற்கும். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இதுதான் அதிகம். வடிகாலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்க, கடல் மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் ஆறும் வாங்காது. இந்தத் தண்ணீரில் பயிர் கொஞ்சம் நீண்டு வளர்ந்தால்தான் பிழைக்கும். மூச்சடக்கிக் கிடக்கும் குணத்தால் இங்கே பெரிய லாபம் இல்லை.

நான்கு, முற்றிய கதிர்மேல் பெய்யும் தை மாத மழை. இங்கே வேண்டியது இரண்டு குணங்கள்: சாயாத தண்டு, விதை உறக்கம். உறக்கம் என்றால், முற்றிய மணி ஈரம் பட்டாலும் சில வாரங்களுக்கு முளைக்காமல் இருப்பது. சித்தப்பா கையில் கொடுத்த கதிருக்கு இல்லாமல் போனது இந்த இரண்டும்தான்.

நான்கில் ஒன்றுக்கு மருந்து. அதைக் கொடுக்கும்போது 'வெள்ளத்தைத் தாங்கும்' என்று சொல்லிக் கொடுக்கிறோம். பொய் இல்லை. ஆனால் பாதி வாக்கியம். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள ஒரு விவசாயி மூன்று ஏக்கரைக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

மரபு நெல்காரர்களிடமும் அதே பாதி வாக்கியம்

இதைப் படித்துவிட்டு, "அதுக்குத்தான் நாட்டு விதைக்கே திரும்பணும்னு சொல்றோம்" என்று சில நண்பர்கள் கிளம்புவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கிய வேலைமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 2018 டிசம்பரில் அவர் காலமாவதற்குள் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டு, விதைத் திருவிழா வைத்துக் கைமாற்றிவிட்டுப் போனார். ஒரு பெரிய நிறுவனம் செய்யவேண்டிய வேலை அது. ஆனால் இன்றைக்குச் சுற்றுகிற துண்டறிக்கைகளைப் பாருங்கள். ஒரே ரகம் வெள்ளத்தையும் தாங்கும், வறட்சியையும் தாங்கும், சர்க்கரையையும் குறைக்கும். இதுவும் நிபந்தனை இல்லாத வாக்குறுதிதான்.

பழைய பெயர்களோ அப்படிப் பொத்தாம்பொதுவாகப் பேசுவதில்லை. குழியடிச்சான் என்றால் கடலோர உப்பு நிலம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். உயரமான ரகங்கள் முழங்கால் தண்ணீரில் தலை நிமிர்ந்து நிற்கும். உரத்தைக் கொட்டினால் அதே உயரத்தால் சாயும். இன்ன நிலத்துக்கு, இன்ன பட்டத்துக்கு என்ற நிபந்தனையோடு சேர்ந்ததுதான் மரபறிவு. நிபந்தனையை வெட்டிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது விளம்பரம்.

இன்னொன்று. இவர்கள் 'ஆராய்ச்சி ரகம்' என்று ஒதுக்கும் ரகங்களின் வம்சாவளியைத் தோண்டினால் நாட்டு நெல் வரும். 1921-இல் கோயம்புத்தூரில் தேர்வான ஜி.இ.பி. 24, நாம் கிச்சிலிச் சம்பா என்கிறோமே, அதுதான். ஆடுதுறையில் பிறந்து 1960-களில் தஞ்சைக் குறுவையையே மாற்றிய ஏ.டி.டி. 27-க்கு அது ஒரு பெற்றோர். சப்-1 வந்ததும் ஒடிசா விவசாயியின் விதையிலிருந்துதான். இரண்டு தரப்புக்கும் சண்டை போட நியாயம் குறைவு.

வயதுதான் முக்கியம்

எனக்கு ரொம்ப நாள் புரியாத விஷயம்: 155, 160 நாள் இழுக்கும் சி.ஆரை ஏன் இவ்வளவு பேர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிகிறது. ஆவணியில் விதைத்தால், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பயிர் இலையும் தூருமாகவே இருக்கும். மழை ஓயும் சமயத்தில் பூக்கும். தை வெயிலில் முற்றும். அந்த நீண்ட வயதே ஒரு வெள்ளத் தடுப்பு.

2025 மே மாதம் மத்திய அரசு மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அதில் சம்பா மசூரியிலிருந்து வந்த 'கமலா' சுமார் 20 நாள் முன்னதாக விளையும், தண்ணீர் மிச்சம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் டெல்டாவில் 20 நாள் முன்னதாக என்றால் எந்த மாதத்தில் பூக்கும், எந்த மாதத்தில் அறுப்பு? அதைக் கேட்காமல் கைதட்ட முடியாது. ஓரிடத்தில் தண்ணீரை மிச்சப்படுத்தும் 20 நாள், இன்னோரிடத்தில் கதிரைக் கொண்டுபோய் அடைமழைக்குள் நிறுத்தும்.

இங்கேதான் பழைய சம்பா ரகங்கள் பலவற்றிலிருந்த பகல்நீள உணர்வு முக்கியமாகிறது. நீங்கள் முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும், பகல் குறுகும் பருவம் பார்த்து ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூக்கும். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா திறக்காதா என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிற காலத்தில், இது ஏட்டில் தூங்கவேண்டிய குணம் இல்லை. மரபு நெல் மேடைகளிலும் இதைப் பற்றிப் பேச்சு குறைவு.

அபாயம் யார் தலையில்?

விதை தாங்கினால் மட்டும் விவசாயி தாங்குவதில்லை. 2025–26 பருவத்துக்குக் கொள்முதல் நிலையத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். சி.ஆர். மோட்டா ரகம், வெளி வியாபாரி அதிகம் சீண்டமாட்டார். அரசு கொள்முதல் இருப்பதால்தான் அது ஓடுகிறது. அங்கேயும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் இருந்தால் விதிப்படி எடுக்கமாட்டார்கள். தை மழையில் அதற்கு ஒவ்வொரு முறையும் தில்லியிடம் தளர்வு கேட்டு நிற்கவேண்டும். நிவாரணமும் காப்பீடும் வருவதற்குள் அடுத்த பட்டம் வந்துவிடும்.

சான்று விதை மூட்டையில் நீல அட்டை தொங்கும். முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் என்று உறுதி தருகிற அட்டை. அதோடு நான்கு வரி சேர்க்கவேண்டும் என்பதுதான் என் கோரிக்கை: எந்த வயதில் மூழ்கினால் தாங்கும், எத்தனை நாள் தாங்கும், எந்த மாதிரித் தண்ணீரில் தாங்காது, கதிர் முற்றியபின் மழை வந்தால் என்ன ஆகும். ஆராய்ச்சியாளர்களுக்கு இது தெரியாததில்லை. அவர்களுடைய கட்டுரைகளிலிருந்துதான் நானே தெரிந்துகொண்டேன். கட்டுரையிலிருந்து மூட்டைக்கு வரும் வழியில்தான் நிபந்தனைகள் கொட்டிப்போகின்றன.

இன்னொரு கோரிக்கை பொதுப்பணிக்காரர்களுக்கு. சப்-1 கொடுப்பது இரண்டு வார அவகாசம், அவ்வளவுதான். அந்த இரண்டு வாரத்தில் தண்ணீர் வடிய வாய்க்கால் இருக்கவேண்டும். வாய்க்காலைத் தூர்வாராமல் விதையைக் குறை சொல்வதும் தப்பு, விதையைக் காட்டி வாய்க்காலை மறப்பதும் தப்பு.

சித்தப்பா அடுத்த சம்பாவுக்கும் அதே சப்-1-ஐத்தான் நட்டார். கோபத்தில் விட்டுவிடுவார் என்று நினைத்திருந்தேன். 2021 நவம்பர் மழையில் வயல் எட்டு நாள் மூழ்கியது. பக்கத்து வயலில் சாதாரண சி.ஆர். அழுகிப்போக, இவருடையது பத்தே நாளில் பச்சை கட்டியது. போனில் சொன்னார்: "இந்தத் தண்ணிய தாங்குதுப்பா. தை மழைக்கு வேற எதாச்சும் இருக்கான்னு பாரு."

பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் இங்கேயே எழுதுகிறேன், நிபந்தனைகளோடு.