கரையில் தெரிவதற்குப் படகு எதற்கு?

புதுச்சேரியில் பத்துக்கண்ணுக்குப் போகும் சாலை ஊசுட்டேரிக் கரையை ஒட்டியே ஓடுகிறது. தை மாதக் காலையில் அந்த வழியாகப் போகிறவர்களில் சிலராவது வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சற்று நிற்பார்கள். நாமக்கோழிகள் கரும்புள்ளிகளாய் மிதக்கும். தூரத்தில் கூழைக்கடா ஒன்று அசையாமல் கிடக்கும். பார்க்கிறவருக்குச் செலவில்லை, பறவைக்குத் தொந்தரவில்லை. அதே பறவையைப் படகேறிப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாமே என்ற ஆசை எழும்போதுதான் கணக்கு மாறுகிறது.

அந்த ஆசையை நம்பி உலகெங்கும் ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. அலாஸ்காவில் கடல் வற்றும் நேரத்தில் சேற்றில் சிப்பி தோண்டும் கரடிகளைப் படகிலிருந்தபடி பார்க்கிறார்கள். இலங்கையின் மிரிஸ்ஸவிலும் திருகோணமலையிலும் நீலத்திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகிறார்கள். ஒடிசாவின் சில்கா ஏரியில் ஓங்கில் பார்க்கப் படகு விடுகிறார்கள். ஊசுட்டேரியிலும் சுற்றுலாப் படகு ஓடியதுண்டு. இந்தப் பழக்கத்தால் வரும் நன்மை என்ன, கேடு என்ன?

நன்மையை முதலில் சொல்வதே நியாயம். வணிகத்துக்காகத் திமிங்கிலம் வேட்டையாடுவதை நிறுத்தலாம் என்று சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1982-இல் முடிவெடுத்தது. உயிரோடு இருக்கும் திமிங்கிலமும் ஒரு கடற்கரை ஊருக்குச் சோறு போடும் என்பதைக் காட்டியது இந்தப் படகுத் தொழில்தான். சில்காவின் வடகரையில் இருக்கும் மங்களாஜோடி இன்னும் தெளிவான சான்று. வலசை வரும் வாத்துகளைப் பிடித்து விற்றுவந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். 2000-ஆம் ஆண்டையொட்டி அவர்களே பறவைக் காவலுக்குச் சங்கம் அமைத்தார்கள். வேட்டைக்குப் போன கைகள் இன்று கழி ஊன்றிப் படகு தள்ளுகின்றன. பறவை எங்கே இரை தேடும், எங்கே ஒளியும் என்று வேட்டையில் கற்ற பாடமே வழிகாட்டும் தொழிலுக்கு முதலாயிற்று. எந்தச் சட்டமும் இவ்வளவு விரைவில் இதைச் சாதித்திருக்காது.

கேடு எங்கே தொடங்குகிறது? விலங்கு கண்ணில் படும் என்று வாக்குக் கொடுத்துச் சீட்டு விற்கும் இடத்தில். பணம் கட்டியவருக்குக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். காட்டாவிட்டால் நாளைக்கு ஆள் வராது என்பது படகோட்டியின் கவலை. ஒரு படகு நெருங்கினால் அடுத்தது இன்னும் நெருங்குகிறது. மிரிஸ்ஸவில் திமிங்கிலச் சுற்றுலா பெருகியதும் இலங்கை அரசு 2012-இல் விதிகள் போட்டது. திமிங்கிலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு போகக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. நடுக்கடலில் அந்த 100 மீட்டரை அளப்பது யார்? திமிங்கிலம் நீருக்கு மேலே வருவது மூச்சு விட. சுற்றிலும் படகு நின்றால் அந்த மூச்சை அரைகுறையாக முடித்துக்கொண்டு அது மூழ்க வேண்டியதுதான்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கேடு இரைச்சல். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலில் வாழும் ஒரு வகை ஓர்கா திமிங்கிலங்கள் ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே சால்மன் மீனைப் பிடிக்கின்றன. படகின் எஞ்சின் சத்தம் அந்த எதிரொலியை அமுக்கிவிடுகிறது. அதனால் 2025 தொடக்கத்திலிருந்து அவற்றுக்கு ஏறத்தாழ 900 மீட்டருக்குள் படகு வரக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. மிரிஸ்ஸவின் 100 மீட்டரோடு இதை ஒப்பிட்டால், எட்ட நிற்பது என்பதற்கு ஊருக்கு ஊர் பொருள் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும்.

ஏரியில் இந்தக் கேடு வேறு உருவில் வருகிறது. வலசைப் பறவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருவதும், பங்குனியில் திரும்பிப் போவதும் உடம்பில் சேர்த்த கொழுப்பை நம்பித்தான். படகு நெருங்கும் ஒவ்வொரு முறையும் கூட்டம் எழும்பிப் பறந்தால் அந்தச் சேமிப்பு கரைகிறது. முக்குளிப்பானும் இலைக்கோழியும் மிதக்கும் இலைதழைமேல் முட்டையிடுபவை. விசைப்படகு கிளப்பும் ஓர் அலை கூட்டை நனைக்கப் போதும். கடலில் திமிங்கிலம் மூழ்கித் தப்பலாம். முட்டைக்கு அந்த வழியும் இல்லை.

ஆக, படகு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. கரையிலிருந்து பார்க்க முடியாத எதைப் படகு காட்டுகிறது என்று கேட்பதே சரியான உரைகல். மிரிஸ்ஸவில் திமிங்கிலத்தைப் பார்க்கக் கடலுக்குள் வெகுதூரம் போயாக வேண்டும். மங்களாஜோடியில் பறவைகள் கோரைப்புல்லுக்குள் மறைந்திருக்கின்றன. அங்கெல்லாம் படகுக்குத் தேவை இருக்கிறது. எப்படி ஓட்டுவது என்பதுதான் கேள்வி. திருகோணமலையில் கதையே வேறு. ஆழ்கடல் அங்கே கரைக்கு மிக அருகில் வந்துவிடுவதால், கோணேசுவரர் கோயில் நிற்கும் சுவாமி மலைப் பாறையிலிருந்தே பருவ காலத்தில் நீலத்திமிங்கிலம் மூச்சு விடும்போது எழும் ஆவியைப் பார்க்கலாம்.

ஊசுட்டேரி இந்த உரைகல்லில் தேறவில்லை. புதுச்சேரி அரசு 2008-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது; தமிழ்நாட்டுப் பக்கத்துப் பகுதியும் பின்னர் சரணாலயமானது. சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக நீர் நிறையும் அகன்ற ஏரி அது. அங்கே படகு காட்டுவதில் பெரும்பகுதியைக் கரையே காட்டிவிடும். கையில் இருநோக்கி இருந்தால் வாத்தின் மூக்குப் புள்ளிகூடத் தெரியும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கரையில் நின்று சும்மா பார்த்துவிட்டுப் போனால் வருமானம் ஏது, வருமானம் இல்லாத ஏரியை யார் பேணுவார்கள் என்பது அது. விடை வேடந்தாங்கலில் இருக்கிறது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள சின்ன ஏரி. நுழைவுச்சீட்டு உண்டு, பார்வைக் கோபுரம் உண்டு. வருகிறவர்கள் கரைமேல் நடந்தே பார்க்கிறார்கள். அதன் பாதுகாப்பு வரலாறு 1798-ஆம் ஆண்டு ஆட்சியர் உத்தரவு வரை பின்னால் போகிறது. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊரே காவல் நிற்கிறது. தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே பறவையைக் காப்பது பயணியின் சீட்டு மட்டுமல்ல, பாசனமும்தான்.

புதுச்சேரியின் பாகூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்காலில் வந்து பாகூர் ஏரியை நிறைப்பதும், அந்த ஏரி வயலை நனைப்பதும் காலங்காலமாக நடப்பவை. கடலைச் சுற்றுலாத் தலமாக்குவதுபோல ஏரியை ஆக்க முடியாது. அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது.

கரையும் குற்றமற்றதல்ல. ஏரிக்கரைச் சாலையில் லாரிகள் ஹாரனை அலறவிடுகின்றன. பிளாஸ்டிக் குப்பை தண்ணீரோரம் ஒதுங்குகிறது. நிழலில் உட்கார்ந்து பார்க்க ஓர் இடம், ஒரு தொலைநோக்கி, பறவையைப் பெயர் சொல்லிக் காட்ட உள்ளூர் இளைஞர் ஒருவர், ஹாரன் அடிக்கக் கூடாது என்ற பலகை, அதை மதிக்கவைக்க ஒரு காவலர் என்று கேட்டால் நமக்கு அற்பமாகப் படுகிறது. படகுத்துறை என்றால்தான் திட்டம்போலத் தோன்றுகிறது. படகுக்கு ஒதுக்கும் பணத்தில் இவை அத்தனையும் வந்துவிடும்.