மூளைக்குள் ஒரு பொம்மை மனிதன்

இல்லாத கை வலிக்குமா? வலிக்கிறது. என் தாய்மாமன் தம் வலக்கையைப் பருத்தி அரவை ஆலை ஒன்றின் பொறிக்குப் பறிகொடுத்துவிட்டு விளாத்திகுளம் திரும்பியவர். முழங்கைக்குக் கீழே வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான், இரவு ஏற ஏற, விரல்கள் மடங்கி இறுகுகின்றன, நகம் உள்ளங்கையைக் குத்துகிறது என்று துடித்தார். ஊர் என்ன சொல்லிற்று? போன கை பேயாகத் திரும்பியிருக்கிறது என்றது, கோடாங்கியை அழைத்தது. உடுக்கை ஒலித்தது, வேப்பிலை சுழன்றது, சேவலின் தலை போயிற்று, கடன் வாங்கிய பணமும் போயிற்று. வலி மட்டும் போகவில்லை!

கல்லூரியில் நான் படித்த நூலொன்று அப்போது நினைவுக்கு வந்தது. 1998இல் வெளிவந்த 'ஃபேன்டம்ஸ் இன் தி பிரெயின்'. சாண்ட்ரா பிளேக்ஸ்லீ என்ற அம்மையாருடன் சேர்ந்து அதை எழுதியவர் வி. எஸ். இராமச்சந்திரன், 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் சான் டியேகோவில் மூளையை ஆராய்ந்த அறிஞர். கோடிக்கணக்கில் விலைபெறும் கருவிகளை நம்பி வாழும் துறையிலே, பஞ்சு சுற்றிய குச்சியையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் கொண்டு மூளையின் கதவைத் தட்டியவர். அந்த எளிமைக்காகவே அவரை நான் போற்றினேன், இன்றும் போற்றுகிறேன்.

கண்ணாடியை நட்டுவைத்து, இருக்கும் கையை அதன் முன்னே நீட்டி, அதன் நிழலைப் பார்த்தபடி விரல்களை மடக்கி விரிக்க வேண்டும். இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கை அசைவதாகக் கண் காணும். அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, சந்தையில் வாங்கிய கண்ணாடியைப் பொருத்தினேன். மாமா அரைமனத்தோடு உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்து, "மருமகனே, விரியுது!" என்றார். அன்றிரவு உறங்கினார். மறுவாரம் வலி மீண்டது. மீண்டும் கண்ணாடி, மீண்டும் சில நாள் ஓய்வு. 2007இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனையொன்றில் கால் இழந்தோரிடம் செய்த ஆய்வும் கண்ணாடிக்குச் சாதகமாகவே பேசிற்று. ஆயினும் எல்லோருக்கும் எப்போதும் பயன் தரும் மருந்து என்று அதைச் சொல்ல இடமில்லை.

கண்ணாடியைப் பற்றி எனக்கு வழக்கில்லை. வழக்கெல்லாம் அதனுடன் வந்த விளக்கத்தைப் பற்றியது.

விளக்கத்தின் வேர் மாண்ட்ரியால் நகரில் இருக்கிறது. வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளைப் பரப்பில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, எங்கே தொட்டால் எந்த உறுப்பு உணர்கிறது, எது அசைகிறது என்று குறித்தார். 1937இல் அக்குறிப்புகள் ஒரு பொம்மை மனிதனாக வடிவெடுத்தன: பருத்த உதடு, பெருத்த விரல், சிறுத்த உடல்; கைக்குப் பக்கத்திலே முகம். பலருடைய மூளைகளிலிருந்து திரட்டிய பொம்மை அது. எந்த ஒரு மனிதனின் தலைக்குள்ளும் அப்படியே குடியிருப்பதில்லை. அதில் அறிவியல் துல்லியத்தைத் தேடலாகாது என்று 1950இல் அவரே எழுதி வைத்தார். ஆனால் எச்சரிக்கை ஏட்டில் தங்கிற்று. பொம்மை மட்டும் பாடநூல்தோறும் பவனி வந்தது.

இராமச்சந்திரன் அந்தப் பொம்மையின் மேல் கட்டடம் எழுப்பினார். கை போனதும் மூளையில் கைக்குரிய நிலம் தரிசாகிறது. அண்டை வீட்டு முகம் வேலி தாண்டி அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரல் உணர்கிறது! எவ்வளவு அழகு! கரிசல்காட்டுக்காரனுக்கு இதைவிட எளிதில் புரியும் உவமை உண்டா? வரப்பு வெட்டும் தகராறு பாராத ஊர் இங்கே எது? வகுப்பில் கரும்பலகை நிறையப் பொம்மையை வரைந்து, இதுவே உண்மை என்று ஓங்கி உரைத்தேன்.

பிறகு வந்தது 2025ஆம் ஆண்டின் ஆய்வு. கை நீக்கப்படவிருந்த மூவரின் மூளையை, நீக்குவதற்கு முன்னும், நீக்கியபின் ஆண்டுக்கணக்கிலும் படம் பிடித்தார்கள். கைக்குரிய நிலம் தரிசாகவில்லை, முகம் படையெடுக்கவில்லை. இல்லாத விரலை மடக்க முயன்றபோது, விரல் இருந்த காலத்துப் பழைய இடமே ஒளிர்ந்தது. முன்னைய ஆய்வுகள் பெரும்பாலும் கையிழந்தவரை வேறொருவரோடு ஒப்பிட்டவை. இது அதே மனிதரை அவரோடே ஒப்பிட்டது. 1991இல் குரங்குகளிடம் கண்ட மாற்றம் மனிதனுக்கும் பொருந்தும் என்று விரைந்து முடிவு கட்டிவிட்டார்களோ என்று கேட்க இது இடம் தருகிறது. மூவர் போதுமா என்று கேட்போரும் இருக்கலாம், கேட்கட்டும். பொம்மையின் கதையும் குலைந்துதான் வருகிறது. 2023இல் வெளியான வேறோர் ஆய்வு, இயக்கத்திற்குரிய பகுதியில் கால், கை, வாய் ஆகியவற்றின் இடங்களுக்கு நடுவே, முழு உடலின் செயலைத் திட்டமிடுவதோடு தொடர்புடைய துண்டுகள் குறுக்கிடுவதைக் காட்டிற்று.

எளிமைப்படுத்துவது குற்றமா? அல்ல. 1943இல் மெக்கல்லக்கும் பிட்ஸும் நரம்பணுவை 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு சொல்லாகச் சுருக்கினார்கள். வேதியியலை விட்டார்கள், வளர்ச்சியை விட்டார்கள். விட்டதைச் சொல்லிவிட்டுச் செய்தார்கள். உராய்வில்லாத சாய்தளத்தில் பந்தை உருட்டிக் காட்டும் ஆசிரியன், உராய்வே உலகில் இல்லை என்று சொல்வதில்லை. எதை விட்டோம் என்று சொல்லாமல், மிஞ்சியதே முழுமை என்று விற்பதுதான் குற்றம்.

இராமச்சந்திரனிடம் அந்தச் சறுக்கல் ஒருமுறையோடு நிற்கவில்லை. இத்தாலியின் பார்மா நகரில் ரிசொலாட்டி குழுவினர் 1990களில் குரங்கு மூளையில் கண்ட 'கண்ணாடி நரம்பணு'க்களைக் கையிலெடுத்தார். உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்கு இவை செய்யும் என்று 2000இல் முன்னுரைத்தார். மொழி, பண்பாடு, பிறர் துயர் அறிதல் எல்லாவற்றுக்கும் அவையே திறவுகோல் என்றார். 2006இல், ஆட்டிசமும் உடைந்த கண்ணாடியின் விளைவு என்று எழுதினார். கிரிகரி ஹிக்கொக் 2014இல் ஒரு முழு நூல் எழுதி இந்த மாளிகையின் செங்கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார், பல உதிர்ந்தன. ஆட்டிசமுள்ள குழந்தையின் தாய்க்கு, "உன் பிள்ளையின் கண்ணாடி உடைந்தது" என்ற சொல் வெறும் உவமையாகவா விழும்?

புதிய ஆய்வை வகுப்பில் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, கோடாங்கி சொன்னதும் கதை. நீங்கள் சொன்னதும் கதையா?"

நெஞ்சில் தைத்தது. ஆயினும் நன்றாகக் கேட்டாள். கோடாங்கியின் பேயைப் பொய்யென்று காட்ட எந்த ஆய்வும் முடியாது. பேய் எதற்கும் வளைந்துகொடுக்கும். படையெடுப்புக் கதையோ, பொய்யென்று காட்டக்கூடிய வகையில் சொல்லப்பட்டது. ஆகவேதான் அதை ஆராய்ந்து மறுக்க முடிந்தது. இதை அவளுக்குச் சொன்னேன். கரும்பலகையில் மறுபடி பொம்மையை வரைந்து, அதன் கீழே 'இது பலரைக் கூட்டிச் செய்த படம். ஒருவரும் இப்படி இல்லை' என்று எழுதினேன். முதல்முறையே எழுதியிருக்க வேண்டும்.

மாமாவிடமும் போய்ச் சொன்னேன்: "நான் முன்பு சொன்ன காரணம் தவறாக இருக்கலாம், மாமா. உங்கள் கைக்குரிய இடம் மூளையில் அப்படியே இருக்கிறது போலும்." அவர் இடக்கையால் பெட்டியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "அதான் நான் அன்னைக்கே சொன்னேனே மருமகனே, கை இருக்குதுன்னு."