போர்விதியும் பொருள்கோளும்: ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிநூல்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்பெறும் கற்பனைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் போர்விதிகளுக்குப் பொருள்கொள்ளும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிநூல்களிலிருந்து உயிர்ப்புள்ளி, வெறுங்கைத் தாக்கு, மறைவுநிலை ஆகிய மூன்றும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஆட்டநடுவரின் தீர்ப்பு விதிக்குப் புறம்பானதன்று, விதியை நிறைவு செய்வது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, போர்விதி, பொருள்கோள், உயிர்ப்புள்ளி, ஆட்டநடுவர்

முன்னுரை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகியோர் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. 1971இல் வெளிவந்த ‘செயின்மெயில்’ என்னும் சிற்றுருவப் படைகளைக் கொண்ட போர்விளையாட்டு அதற்கு முன்னோடி. படைகளை நகர்த்தும் ஆட்டத்திலிருந்து தனியொரு வீரரின் வாழ்வையும் சாவையும் பற்றிய ஆட்டம் பிறந்தது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்க, ஆட்டநடுவர் உலகையும் பகைவரையும் இயக்குகிறார். பல மாதங்கள் பேணி வளர்த்த கதைமாந்தர் ஒரு தொடருக்குக் கொள்ளும் பொருளால் மாய நேரிடலாம். ஆதலின் இங்குப் பொருள்கோள் வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை.

உயிர்ப்புள்ளி: உடலா, ஊழா?

தாக்குண்டவருக்கு உயிர்ப்புள்ளிகள் குறைகின்றன. அவை எதைக் குறிக்கின்றன என்பது முதற்சிக்கல். 1979இல் வெளிவந்த ஆட்டநடுவர் கையேட்டில் கைகாக்ஸ் அவற்றை உடலின் வலிமையாக மட்டும் கொள்ளவில்லை. போர்த்திறன், நற்பேறு, தெய்வத் துணை ஆகியவற்றையும் சேர்த்தார். அந்நூலில் போர்ச்சுற்று ஒன்றின் கால அளவு ஒரு நிமிடம். பகடையின் ஓர் உருட்டல் ஒரே வாள்வீச்சைக் குறிப்பதன்று. பல வீச்சுகளும் தடுப்புகளும் சேர்ந்ததன் விளைவையே அது காட்டுகிறது.

இவ்விளக்கம் ஏற்புடையதாயினும் முழுமையானதன்று. நஞ்சு தோய்ந்த கத்தி பட்டால் நஞ்சேறுகிறது. அவ்விடத்துப் புள்ளியிழப்பு உடற்காயமாகவே இருத்தல் வேண்டும். மாறாக, 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பின்படி எட்டு மணிநேர நீள் ஓய்வில் இழந்த புள்ளிகள் அனைத்தும் மீள்கின்றன. உடற்காயமெனின் ஓரிரவில் ஆறுதல் பொருந்தாது. ஒரே சொல் ஓரிடத்தில் குருதியையும் வேறோரிடத்தில் நற்பேற்றையும் சுட்டுகிறது. எண் மாறாதிருக்க, அதன் பொருளை ஒவ்வொரு முறையும் ஆட்டநடுவரின் வருணனையே வரையறுக்கிறது.

சொல்லும் கருத்தும்

2008ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு விதிகளைப் பெரிதும் வரையறுத்த கலைச்சொற்களால் அமைத்தது. ஐந்தாம் பதிப்பு இயல்பான நடைக்குத் திரும்பியது. இயல்பான நடை படிக்க எளிது, பொருள்கொள்ளுதல் எளிதாகிவிடவில்லை. அப்பதிப்பில் ‘அண்மை ஆயுதத் தாக்கு’ என்பதும் ‘அண்மை ஆயுதத்தால் தாக்குதல்’ என்பதும் வெவ்வேறானவை. வெறுங்கைக் குத்து முன்னதில் அடங்கும், பின்னதில் அடங்காது. ஏனெனில் கை ஆயுதமன்று.

பாலடின் என்னும் அறவீரரின் தெய்வ அடியில் இவ்வேறுபாடு சிக்கலாயிற்று. அண்மை ஆயுதத் தாக்கு பட்டால் அவ்வாற்றலைப் பயன்படுத்தலாம் என்கிறது விதி. எனவே குத்தும் பொருந்தும். ஆனால் அதே விதி, ஆயுதத்தின் சேதத்தோடு கூடுதல் சேதம் எனத் தொடர்கிறது. எனவே குத்து பொருந்தாது. ‘சேஜ் அட்வைஸ்’ என்னும் அதிகாரமுறை விளக்கத் தொகுப்பு இரண்டாவது பொருளையே ஏற்றது. எனினும், ஆட்டநடுவர் இதை மீறினாலும் ஆட்டத்தின் சமநிலை கெடாது என்றும் அது கூறியது. 2024ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு வெறுங்கைத் தாக்கையும் வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது.

மறைவுநிலையும் இத்தகையதே. 2014 நூலில் அந்நிலைக்கு இரு கூறுகள் உண்டு: மறைந்தவரைக் காண இயலாது, மறைந்தவரைத் தாக்குவோர் இரு பகடையுருட்டிச் சிறிய எண்ணையே கொள்ள வேண்டும். மறைந்ததைக் காட்டும் மந்திரம் முதற்கூற்றை நீக்குகிறது; இரண்டாவதை நீக்குவதாக விதியில் சொல் இல்லை. சொல்லை மட்டும் பற்றினால், பகைவரைத் தெளிவாகக் காண்பவரும் காணாதவர் போலவே தடுமாறுவார். காண்பவரிடம் அப்பயன் செல்லாது என 2024 பதிப்பு திருத்தியது.

மூவகை வாசிப்பு

எழுதியவாறு கொள்ளல், இயற்றியவர் கருதியவாறு கொள்ளல், இன்பம் பயக்குமாறு கொள்ளல் என மூவகை வாசிப்பைச் சேஜ் அட்வைஸ் பேசுகிறது. எழுதியவாறு கொள்ளலைக் குறுகிய நோக்கென ஒதுக்குதல் தகாது. நடுவரின் விருப்பு வெறுப்பிலிருந்து ஆட்டக்காரரைக் காப்பது அதுவே. ஆயினும் மறைவுநிலையில் கண்டவாறு, அது கதையுலகின் காரண காரியத்தையே குலைக்கக்கூடும். இயற்றியவர் கருத்தோ நூலுக்கு வெளியே, பிற்கால விளக்கங்களிலேயே பெரும்பாலும் கிடைக்கிறது. அவற்றை அறியாத ஆட்டக்குழுவை அது கட்டுப்படுத்தாது. இன்பம் யாருடையது என்ற வினாவுக்கு மூன்றாவதில் விடையில்லை. எனவே இவற்றுள் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்தல் தீர்வாகாது.

முடிவுரை

கதைமாந்தர் செய்யக்கூடிய அனைத்தையும் எந்த விதிநூலும் முன்கூட்டி எழுதிவிட முடியாது. அவ்விடைவெளியை நிரப்பும் தீர்ப்பு நேர்மையுடையதாக இருத்தற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். பகடை உருளுமுன் அது அறிவிக்கப்பட வேண்டும். ஆட்டக்காரருக்கும் பகைவருக்கும் ஒன்றாகவே பொருந்த வேண்டும். அடுத்த முறை அதே நிலை வரும்போது மாறாதிருக்க வேண்டும். இவை அமைந்தவிடத்து, தீர்ப்பு தமக்கெதிராக அமைந்தாலும் கதைமாந்தரை இழந்தவர் அதை ஏற்க இயலும்; அமையாதவிடத்து, விதியின் சொல் சரியாக இருப்பினும் ஆட்டம் நிலைக்காது.