மேய்ச்சற் பசுவின் லட்சணம்

கறவைப் பசுவின் லட்சணம் யாது என்ற வினாவுக்குப் பால்வளத்தில் பேர்பெற்ற தேசங்கள் ஒரே விடையைத் தந்ததில்லை. கொட்டிலில் நிறுத்தி மக்காச்சோளமும் பிண்ணாக்கும் ஊட்டிக் கறப்பவர்கள் பசுவை ஒரு விதமாகக் காண்கிறார்கள். புல்வெளியில் திரியவிட்டுக் கறப்பவர்கள் வேறு விதமாகக் காண்கிறார்கள். இந்தப் பின்னவர்களுள் தலைமை ஸ்தானம் நியூஜிலாந்துக்காரர்களுக்கே உரியது என்பது என் அபிப்பிராயம். பசுவைப் பற்றிச் சிந்திக்குமுன் அவர்கள் புல்லைப் பற்றிச் சிந்தித்தார்கள்.

மிகப் பழைய சம்பிரதாயத்தில் கண்ணே நீதிபதி. பிரான்ஸ் கரையை ஒட்டிய ஜெர்ஸி என்னும் சிறு தீவு, அயல்மாடுகள் தன் மண்ணில் இறங்காதவாறு பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சட்டமியற்றித் தன் இனத்தைக் காத்துக்கொண்டது. அந்தத் தடை 2008 வரை நீடித்தது. அத்தீவின் வேளாண்மைச் சங்கம் கர்னல் லெ கூத்தரின் முயற்சியால் 1834-இல் ஒரு புள்ளிப் பட்டியலை வகுத்து, வெண்ணெய்க்குப் பேர்போன வமிசத்தில் பிறந்ததா என்பதற்கும், தலை, முதுகு, மடி முதலிய அவயவங்களின் அமைப்புக்கும் தனித்தனியே புள்ளிகளை விதித்தது. ஆனால் கறந்த பாலை நிறுத்துப் பார்க்க அதில் இடமில்லை. அழகுக்கும் பயனுக்கும் பேதமில்லை என்று நம்பிய காலம் அது; அந்த நம்பிக்கை முழுப் பொய்யுமன்று.

அடுத்து வந்தது பாற்பாத்திரத்தின் ஆட்சி. பாலிலுள்ள கொழுப்பை எளிதில் அளக்க 1890-இல் பாப்காக் என்பவர் வழிகண்டார். 1895-இல் டென்மார்க்கின் வேயன் என்னும் ஊரில் விவசாயிகள் தங்கள் பசுக்களின் பாலை முறையாகக் கணக்கெடுக்கச் சங்கம் கூட்டினார்கள். 1909-இல் நியூஜிலாந்தின் டேல்ஃபீல்டும் அவ்வழி சென்றது. இந்தக் கணக்கையே தனித்த தெய்வமாக்கி, பாலின் அளவொன்றையே பெரிதும் நாடிய வட அமெரிக்கா, ஆண்டுக்குப் பதினாயிரம் லிட்டருக்கும் மேல் கறக்கும் ஹோல்ஸ்டீன் பசுவைப் படைத்தது. அதன் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே கறக்கும் நியூஜிலாந்துப் பசுவை அந்நாட்டவர் ஏன் குறையுடையதாக எண்ணவில்லை என்பதே நாம் ஊன்றிக் காணவேண்டிய விஷயம்.

அங்கே புல் எல்லா மாதமும் ஒரே சீராக வளர்வதில்லை. தென்கோளத்தின் வசந்தமாகிய செப்டம்பர், அக்டோபரில் பெருகி, குளிர்காலத்தில் ஏறக்குறைய உறங்கிவிடுகிறது. ஆகவே பெரும்பாலான மந்தைகள் ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் ஒருசேரக் கன்று ஈன்று, பசி உச்சத்தை எட்டும் வேளையில் புல்லும் உச்சத்தை எட்டுமாறு அமைக்கப்பட்டு, குளிர்காலத்தில் ஒருசேர வற்றவிடப்படுகின்றன. சினைக்காலம் ஏறத்தாழ 282 நாள். ஆண்டு தவறாமல் அதே பருவத்தில் ஈன வேண்டுமாயின், ஈன்ற 83 நாட்களுக்குள், அதுவும் மடி நிறையப் பால் சுரந்து உடல் மெலியும் அந்தக் காலத்திலேயே, பசு மறுபடியும் சினைப்பட்டாக வேண்டும். எவ்வளவு கறந்தாலும் இந்தத் தவணையைத் தவறவிடும் பசு அந்த மந்தைக்கு உதவாது. மேய்ச்சற் பள்ளியின் முதல் லட்சணம் இதுவே. பாலின் அளவு அதற்குப் பிந்தியது.

இரண்டாவது லட்சணத்துக்கு வழிகாட்டியவர் ருவாகுரா ஆராய்ச்சி நிலையத்தின் மக்மீகன். ஒரு பசு எவ்வளவு கறந்தது என்பதை விட்டு, ஒரு ஹெக்டேர் புல் எவ்வளவு பாலாயிற்று என்று கேட்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இக்கேள்வி எழுந்தவுடன் பெரிய உடல் ஒரு சுமையாகிவிட்டது. தன் உடலைப் பேணவே மிகுந்த புல்லைத் தின்னும் பசுவைவிட, சிறிய உடலும் செறிந்த பாலும் உடையதே ஆதாயம் என்று தெரிந்தது. 1996-இல் அந்நாட்டார் வகுத்த இனவிருத்தி மதிப்பெண் இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டது: கொழுப்பும் புரதமும் மதிப்பை உயர்த்தும், உடல் எடையும் பாலின் கனஅளவும் அதைக் குறைக்கும். பால் கூடினால் மதிப்புக் குறைவதா என்று நம்மவர் திகைக்கலாம். பாலிலுள்ள நீரைச் சுமந்து சென்று ஆவியாக்கிப் பவுடராக்கும் செலவை எண்ணினால் திகைப்பு நீங்கும். இன்று அந்நாட்டுக் கறவைகளில் ஏறக்குறைய பாதி, பிரீசியனும் ஜெர்ஸியும் கலந்த கலப்பினமாய் இருப்பதும் இந்தக் கணக்கின் விளைவே.

ஆயினும் எண்களை மட்டும் நம்பி அவர்கள் கண்ணைத் துறந்துவிடவில்லை. இளங்காளையின் புதல்விகள் கறவைக்கு வந்ததும், கறப்பவரே அவற்றின் சாந்த குணத்தையும், பால் விடும் வேகத்தையும், தம் ஒட்டுமொத்த அபிப்பிராயத்தையும் ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பிடுகிறார். கடைசியாகச் சொன்ன இதற்கு விதி ஏதுமில்லை. தினம் இருவேளை மடியைத் தொடும் கை அறிந்ததே பிரமாணம்.

அயல் ஹோல்ஸ்டீன் ரத்தம் 1980-களிலும் 90-களிலும் புகுந்தபோது இந்தப் பள்ளி கடும் பரீட்சைக்கு உள்ளாயிற்று. பால் பெருகியது, சினை தவறியது. அதே பிணியால் வருந்திய அயர்லாந்து, தன் மூர்பார்க் ஆராய்ச்சி நிலையத்தில் பல வமிசங்களைப் புல்லில் ஒப்பிட்டுப் பார்த்து, 2001-இல் சினைப்படும் திறனுக்கும் பெருமதிப்பளிக்கும் புதிய மதிப்பெண்ணை ஏற்றது. நியூஜிலாந்திலோ, தாமதித்த பசுவைத் தவணைக்குள் இழுக்க மருந்தூசி போட்டு முன்கூட்டியே ஈனச் செய்யும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அகாலத்தில் பிறந்த கன்றுகள் பெரும்பாலும் மாண்டன. 2015-இல் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. அதன்பின் சினைத்திறனுக்காகக் காளையைத் தேர்வதைத் தவிர அவர்களுக்கு நேர்வழி இல்லாமற் போயிற்று. இதை நான் அவர்கள் சரித்திரத்தில் கறையாகவும் திருத்தமாகவும் ஒருங்கே காண்கிறேன்.

நம் தமிழ்நாட்டின் இனவிருத்திக் கொள்கையும் சமவெளிக்கு ஜெர்ஸியையும் மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் பிரீசியனையும் கலப்புக்கு விதித்துள்ளது. சிற்றுடலும் செறிந்த பாலும் நமக்கும் உகந்தவையே. ஆனால் இங்கே பசுக்கள் எல்லா மாதங்களிலும் ஈனுகின்றன; வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் தளிர்க்கும் புல் சில மாதங்களில் காய்ந்து, வைக்கோலும் தட்டையும் தவிடுமே தீனியாகின்றன. அப்படியிருக்க, பிறநாட்டுப் புல்வெளித் தவணையில் தேறிய காளையின் மதிப்பெண், காவிரிக் கரைக் கொட்டிலில் அதே வரிசையில் நிற்கும் என்று கொள்வதற்கில்லை. நம் காளைகளை நம் வைக்கோலைத் தின்னும் புதல்விகளைக் கொண்டே சோதித்தாக வேண்டும்.