குதிரையில்லாத சந்தை: அளவு, ஒப்பீடு, அதிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

1

"இதெல்லாம் காசு இருக்கிறவன் விளையாட்டு தோழர், இதுக்குப் போயி ஒரு கட்டுரையா?" இப்படிக் கேட்ட நண்பருக்குப் பதில் சொல்லும் முயற்சிதான் இது. நுகர்வு வெறி, பண்ட மாயை, ஆண்மைத் திமிர் என்று மூன்று சொற்களில் ஒரு நிகழ்வை முடித்துவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. மூன்றும் பொய் என்று நான் சொல்லவில்லை. மூன்றையும் சொல்லி முடித்த பிறகும் மிச்சம் ஏதோ இருக்கிறது. அந்த மிச்சத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

காட்சி இதுதான். அமெரிக்காவின் ஏதோ ஒரு ஊரில் கார்ப் பட்டறை ஒன்று. விடுமுறை நாள் காலை. ஒரே வகைக் கார் வைத்திருக்கிறவர்கள், பெரும்பாலும் ஆண்கள், தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டி வரிசையில் நிற்கிறார்கள். தரைக்குள் பதித்த கனத்த இரும்பு உருளை மேல் பின்சக்கரங்கள் உட்காரும்படி காரை ஏற்றுகிறார்கள். நாடாக்களால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுகிறார்கள். முன்னால் பெரிய மின்விசிறி. பின்னால் புகைக்குழாய்க்குள் ஓர் உணர்கருவி. ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்தியதும் கார் அலறுகிறது, உருளை சுழல்கிறது, கார் மட்டும் அங்கேயே நிற்கிறது. எடை தெரிந்த உருளையை எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்க வைத்தது என்பதிலிருந்து எஞ்சினின் திறனைக் கணக்கிடுகிறது கம்ப்யூட்டர். சில வினாடிதான். ஒரு தாள் வெளியே வருகிறது, அதில் இரண்டு வளைகோடுகள். தாளை வாங்கிக்கொண்டு அடுத்தவன் தாளோடு ஒப்பிடுகிறார்கள். "உனக்கு எவ்வளவு?" "எனக்கு எவ்வளவு?" இதற்குப் பெயர் டைனோ நாள். டைனமோமீட்டர் என்ற நீண்ட பெயரின் செல்லச் சுருக்கம்.

ரோலான் பார்த் 1957இல் வெளியான தன் நூலில் சிட்ரன் கார் ஒன்றை வாசித்தார். அங்கே கார் ஒரு குறி. கண்காட்சி மண்டபத்தில் கூட்டம் அதைத் தொட்டுப் பார்க்கிறது, அதில் மயங்குகிறது. டைனோ நாளில் கூடுகிற கூட்டமும் மயங்கிய கூட்டம்தான். ஆனால் குறி தருகிற வாக்கோடு திருப்தியடையாமல் அது எடை போடக் கிளம்பிவிட்டது. இந்த வேறுபாடு சின்னதில்லை.

2

எடை போடுகிற அந்தக் கல் எங்கிருந்து வந்தது? ஹெச்.பி. என்கிற சொல் நமக்கும் புதிதல்ல. கிணற்றடி மோட்டாருக்கு அஞ்சு ஹெச்.பி. என்று எழுதிக்கொடுத்து மின் இணைப்பு கேட்ட விவசாயிக்கு அது அன்றாடச் சொல். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு குதிரை நிற்பதை மறந்துவிட்டோம்.

ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றது 1769இல். பிறகு அது 1800 வரை நீட்டிக்கப்பட்டது. சுரங்கங்களில் ஏற்கெனவே நியூகோமன் எஞ்சின்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. அவற்றோடு ஒப்பிட்டு, மிச்சமான நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு என்று அவரும் கூட்டாளி போல்ட்டனும் வசூலித்தார்கள். ஆலைகளுக்கு எஞ்சின் விற்கப் போனபோது சிக்கல் வந்தது. அங்கே ஒப்பிடுவதற்குப் பழைய எஞ்சின் இல்லை. செக்குமாடு போலச் சுற்றிவரும் குதிரைகள்தான் இருந்தன. அப்படியானால் குதிரையோடு ஒப்பிடு! எத்தனை குதிரையின் வேலையை எஞ்சின் செய்கிறதோ, அத்தனை குதிரைக்கு வருடா வருடம் பணம். பரவலாகச் சொல்லப்படும் கணக்கின்படி, குதிரை 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 144 முறை சுற்றுகிறது, 180 பவுண்டு விசையில் இழுக்கிறது. பெருக்கினால் நிமிடத்துக்கு 32,572 அடி-பவுண்டு வருகிறது. முழு எண்ணாக்கி 33,000 என்று வைத்தார்கள்.

ஆக, இந்த அலகு இயற்கையிலிருந்து கண்டெடுக்கப்பட்டதல்ல. அது ஒரு வாடகைச் சீட்டின் பத்தியிலிருந்து எழுந்தது. எந்த உயிரின் உழைப்பை விரட்டியதோ அந்த உயிரின் பெயரையே அளவாகச் சூட்டிக்கொண்டது. உண்மையான குதிரை இந்தக் கணக்குக்குள் அடங்குகிறதா என்றால், அதுவும் இல்லை. 1925இல் அயோவா மாநிலச் சந்தையில் நடந்த குதிரை இழுப்புப் போட்டித் தரவை வைத்து, 1993இல் நேச்சர் இதழில் இருவர் கணக்கிட்டார்கள்: சில வினாடிகளுக்கு ஒரு குதிரை 14.9 குதிரைத்திறன் வரை காட்ட முடியும். நாள் முழுக்க உழைக்கச் சொன்னால் ஒன்றைத் தொடுவதே பாடு. ஒரு குதிரை ஒருபோதும் ஒரு குதிரையாக இருந்ததில்லை என்பதுதான் குதிரைத்திறனின் கதை.

டைனோ நாள் தாளை இன்னொரு முறை பாருங்கள். ஒரு கோடு முறுக்குவிசை, மற்றது குதிரைத்திறன். அடி-பவுண்டுக் கணக்கில் ஒரே அளவுகோலில் வரைந்த எந்தத் தாளிலும், எந்தக் காரானாலும், அந்தக் கோடுகள் நிமிடத்துக்கு 5,252 சுழற்சி என்ற ஒரே இடத்தில்தான் வெட்டிக்கொள்கின்றன. அது எஞ்சினின் குணமல்ல. வாட்டின் 33,000ஐ வட்டக் கணக்கின் 2π ஆல் வகுத்தால் கிடைப்பது 5,252. இருநூறு வருடங்களுக்கு மேலாகியும் அந்த ஆலைக் குதிரை ஒவ்வொரு தாளிலும் கால் பதித்துவிட்டுப் போகிறது. தாளைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம்.

3

அளவு என்பது புனைவு என்று சொல்லிவிட்டு நம்மில் பலர் அதோடு நின்றுவிடுகிறோம். புனைவுதான். ஆனால் யாருடைய புனைவு, யாருக்குப் பயன்படுகிற புனைவு என்று கேட்காவிட்டால் அந்த வாக்கியம் வெறும் புத்திசாலித்தனமாகிவிடும்.

1971 வரை அமெரிக்கக் கம்பெனிகள் எஞ்சினைக் காரிலிருந்து தனியே எடுத்து, காற்று வடிகட்டி இல்லாமல், துணைக்கருவிகள் இல்லாமல், திறந்த புகைக்குழாயோடு சோதித்து வந்த எண்ணை விளம்பரம் செய்தன. அது மொத்தத் திறன். 1972 மாடல்களிலிருந்து எல்லாவற்றையும் பூட்டி அளக்கும் நிகரத் திறன் வழக்குக்கு வந்தது. கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சின் 1971இல் மொத்தக் கணக்கில் 425, நிகரக் கணக்கில் 350. இரும்பு அதே இரும்பு. 75 குதிரைகள் காகிதத்தில் பிறந்து காகிதத்திலேயே செத்தன.

எண்ணைக் கூட்டிச் சொல்வதில் மட்டும்தான் லாபம் என்றில்லை. அறுபதுகளின் இறுதியில் காப்பீட்டுக் கம்பெனிகள் அதிகத் திறனுள்ள கார்களுக்குக் கட்டணத்தை ஏற்றின. அந்தக் காலத்தில் 290 என்றும் 335 என்றும் அடக்கத்தோடு அறிவிக்கப்பட்ட சில எஞ்சின்கள் உண்மையில் அதற்கு மேலே காட்டின. ஜப்பானில் 1989 தொடங்கி 2004 வரை எந்தக் கம்பெனியும் 280க்கு மேல் சொல்வதில்லை என்று தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். நிசானின் ஸ்கைலைன் ஜிடி-ஆர் 280 என்றே விற்றது. உருளையில் ஏற்றினால் அதற்கும் மேலே போனது.

உருளையும் ஒரே பேச்சு பேசுவதில்லை. வெயிலுக்கும் காற்றழுத்தத்துக்கும் ஒரு திருத்தம் போட வேண்டும். பழைய திருத்த முறை 60 டிகிரி ஃபாரன்ஹீட்டை அடிப்படையாக வைக்கிறது, எஸ்ஏஇயின் பிந்தைய முறை 77 டிகிரியை. பழையதைத் தேர்ந்தெடுத்தால் ஏறத்தாழ 4 சதவீதம் சும்மாவே கூடும். உருளை அளப்பது சக்கரத்துக்கு வந்து சேர்ந்த திறனை. கம்பெனி சொல்வது எஞ்சினிலிருந்து கிளம்பும் திறனை. இடையில் கியர்களில் தேய்ந்துபோனது எவ்வளவு? "ஒரு 15 சதவீதம் போட்டுக்கோ" என்கிறார்கள். இந்தப் பதினைந்துக்கு எல்லாக் காருக்கும் பொதுவான ஆதாரம் கிடையாது. வாய்வழி மரபு.

4

இவ்வளவு ஓட்டைகள் உள்ள ஓர் எண்ணை வைத்து என்ன செய்ய முடியும்? இங்கேதான் நண்பரின் கேள்விக்கு என் பதில் தொடங்குகிறது.

1999இல் ஃபோர்டு கம்பெனி தன் மஸ்டாங் கோப்ரா காருக்கு 320 குதிரைத்திறன் என்று அறிவித்தது. முந்தைய வருடத்துக் கார் 305. வாங்கியவர்கள் ஓட்டிப் பார்த்தார்கள். ஏதோ இடித்தது. காரை உருளையில் ஏற்றினார்கள். கூடியிருக்க வேண்டிய குதிரைகளைக் காணோம். ஒருவர் போய்ச் சொன்னால் கம்பெனி என்ன சொல்லும்? உங்கள் கார் மட்டும் அப்படி, உங்கள் ஊர் வெயில், உங்கள் பெட்ரோல், அந்தப் பட்டறைக்காரர் உருளை சரியில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமான பதில்தான். தனியாள் கையில் இருக்கும் எண் புலம்பலாகவே இருக்கும்.

ஆனால் ஒரே உருளையில், ஒரே வெயிலில், அடுத்தடுத்துப் பல கார்கள் ஏறும்போது? உருளை தப்பாகக் காட்டினாலும் எல்லாக் காருக்கும் ஒரே தப்பாகத்தான் காட்டும். போன வருடத்து 305 பக்கத்திலேயே நிற்கிறது, இந்த வருடத்து 320 அதைத் தாண்டவில்லை. இப்போது வெயிலைக் குறை சொல்ல முடியாது. முழு உண்மையான எண் யாரிடமும் இல்லை. எண்களுக்கிடையிலான உறவு மட்டும் மறுக்க முடியாததாக நிற்கிறது. "உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு" என்ற போட்டிக் கேள்வி, கேட்டவர்களே எதிர்பாராமல், சாட்சியமாகத் திரள்கிறது.

1999 ஆகஸ்டில் ஃபோர்டு விற்காத கோப்ராக்களின் விற்பனையை நிறுத்தியது. விற்றவற்றைத் திரும்ப அழைத்து உள்ளிழுப்புக் குழாய்த் தொகுதியையும் எஞ்சின் கணினியையும் புகைக்குழாய் அமைப்பையும் மாற்றிக் கொடுத்தது. 2000ஆம் ஆண்டில் சாதாரணக் கோப்ரா வரவேயில்லை. 2001இல் மாஸ்டா தன் எம்எக்ஸ்-5 காரின் 155ஐ 142 என்று திருத்தி, வேண்டாம் என்பவர்களிடம் காரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. 2005இல் எஸ்ஏஇ வெளியாள் சாட்சியோடு அளக்கும் புதிய நெறியைக் கொண்டுவந்தது. டொயோட்டா கேம்ரியின் ஆறு சிலிண்டர் எஞ்சின் 210இலிருந்து 190ஆக இறங்கியது.

தேர்வு என்பது உடல்களை வரிசைப்படுத்தி, தனித்தனி வழக்குகளாக்கி ஆளும் உத்தி என்று ஃபூக்கோவிடமிருந்து கற்றிருக்கிறோம். பள்ளிக்கூடம், பட்டாளம், ஆஸ்பத்திரி எல்லாம் நம்மை அப்படித்தான் அளக்கின்றன. இங்கே மேசை திரும்பிப் போடப்பட்டிருக்கிறது. தேர்வெழுதியது பண்டம். மதிப்பெண் போட்டவர்கள் அதை வாங்கியவர்கள். இதைப் புரட்சி என்று நான் கொண்டாடவில்லை. ஆனால் மாயையில் மூழ்கியவர்கள் என்று நாம் ஒதுக்கிய கூட்டம் அளவுக்கருவியைக் கையிலெடுத்து ஒரு பெரிய கம்பெனியின் வாக்கைப் பொய்யென்று காட்டியது. நம் விமர்சன மொழி இதைக் கவனிக்கத் தவறினால் குறை யாருடையது?

5

இத்தோடு முடித்தால் கட்டுரை சுகமாக முடியும். ஆனால் முடியாது. ஏனென்றால் அதே உருளை இன்னொரு வேலையும் செய்கிறது. அரசு ஆய்வகங்களில் காரின் புகையைச் சோதிப்பதும் உருளை மேல் வைத்துத்தான்.

ஃபோக்ஸ்வேகன் தன் டீசல் கார்களுக்குள் ஒரு மென்பொருளை வைத்திருந்தது. ஸ்டீயரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி மாறுகிறது, எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்பதையெல்லாம் கவனித்து, தான் உருளை மேல் இருக்கிறோம் என்று கார் தெரிந்துகொள்ளும். உடனே நல்ல பிள்ளையாகிவிடும். சாலைக்கு இறங்கினால் நைட்ரஜன் ஆக்சைடைச் சட்ட வரம்பைப் போல் 40 மடங்கு வரை கக்கும். அதைப் பிடித்தவர்கள் கருவியை உருளையிலிருந்து கழற்றிக் காருக்குள் வைத்து ஓட்டிய மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். ஒரு காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிப் போய்த் திரும்பினார்கள். 2014இல் அறிக்கை வந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கம்பெனிமீது குற்றம் சாட்டியது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 4,82,000 கார்கள்.

கம்பெனிதான் அப்படி, மக்கள் நல்லவர்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 2020இல் அதே முகமை வெளியிட்ட கணிப்பு: அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றியிருக்கிறார்கள். கழற்றினால் இழுவை கூடும் என்பது அதற்கு ஒரு காரணம். அந்தக் கூடுதல் குதிரைகளும் ஏதோ ஒரு உருளையில் ஏறிக் கைதட்டு வாங்கியிருக்கும். புகைக்குழாய்க்குள் செருகிய அந்த உணர்கருவி நினைவிருக்கிறதா? காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதத்தைத்தான் அது பார்த்துக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கு நல்லதா என்று கேட்டது. மூச்சுவிடுகிறவர்களுக்கு நல்லதா என்று அதனிடம் யாரும் கேட்கச் சொல்லவில்லை.

டைனோ நாளின் எல்லை இங்கே இருக்கிறது. அங்கே திரண்டவர்கள் தங்களுக்குக் குறைந்த குதிரைகளுக்காகத் திரண்டார்கள். பணம் கட்டியவர் பெயர் மட்டும்தான் வரிசையில் இருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருப்பவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. வாட்டின் கணக்கில் குதிரைக்கும் குதிரைக்காரனுக்கும் இடமில்லாமல் போனதைப் போலத்தான்.

6

நண்பருக்கு இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, எண் என்றாலே எதிராளியின் மொழி என்று நாம் கூச்சப்படுவதை விட வேண்டும். ஆற்றில் கழிவு எவ்வளவு, கூலி எவ்வளவு பிடித்தம், அணையில் தண்ணீர் எவ்வளவு என்று அவர்கள் சொல்லும் எண்ணுக்கு எதிராக நாம் உருவகங்களைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம். துல்லியமான கருவி கையில் இல்லையே என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரே கருவி, ஒரே நாள், பல பேர், தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அரைகுறைக் கருவியே போதும் என்பதைக் கோப்ராக்காரர்கள் காட்டிவிட்டார்கள்.

இரண்டு, நாம் அளக்கத் தொடங்கும் அன்றைக்கு, வரிசையில் யார் நிற்கவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும். இதை அவர்கள் காட்டவில்லை. இதை நாமும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.