மரியாதை விகுதியும் தலைமுறை மாற்றமும்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு மதிப்பீடு

1. சிக்கல்

ஒருவரது செயலைத் தமிழில் எழுதுவோர், அவரைப் பற்றிய தம் மதிப்பீட்டை வெளியிடாமல் வாக்கியத்தை முடிப்பது அரிது. 'வந்தான்', 'வந்தார்' என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இத்தேர்வை ஆளும் சமூக நெறி மூன்று தலைமுறைகளுக்குள் பெரிதும் மாறியுள்ளது. ஆயினும் அச்சு மொழியில், குறிப்பாக மொழிபெயர்ப்புகளில், பழைய நெறி பலவிடங்களில் கேள்வியின்றித் தொடர்கிறது. அதனை மதிப்பிடுவதற்கு உரிய அளவுகோல் எது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2. வரலாற்றுப் பின்னணி

புறநானூற்றுப் புலவர்கள் வேந்தர்களை 'நீ' என விளித்தனர். அது அவமதிப்பாகக் கருதப்படவில்லை. ஒருவரைப் பன்மையாற் கூறுவதைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் உயர்சொற் கிளவி என்கிறது. அது வழக்கின்பாற்பட்டதே அன்றி இலக்கண நெறியன்று எனவும் வரையறுக்கிறது. பின்னர் 'அவர்' என்னும் பலர்பாற் சொல் உயர்வொருமை ஆயிற்று. பன்மையைச் சுட்ட 'அவர்கள்' நிலைபெற்றது. முன்னிலையில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என மூன்று படிகள் அமைந்தன. ஆகவே 'நீ' என்பது இயல்பாக இழிவுச் சொல் அன்று. மேலே இரு படிகள் தோன்றிய பின்னரே அது கீழ்ப்படியாயிற்று.

3. தலைமுறை மாற்றம்

பிரௌன், கில்மன் ஆகியோர் 1960இல் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களில் அதிகாரம், தோழமை என்னும் இரு அச்சுகளைக் கண்டது. அதிகார அச்சு தளர்ந்து தோழமை அச்சு வலுப்பெற்றதே அங்கு நிகழ்ந்த மாற்றம். தமிழ்நாட்டிலும் இப்போக்கு உண்டு. ஆனால் இங்கு அதிகாரம் என்பதனுள் சாதியும் அடங்கும்.

பண்ணையார் வீட்டுச் சிறுவன் முதிய பண்ணையாளை 'நீ' என்பதும், அம்முதியவர் சிறுவனைப் பன்மையில் விளிப்பதும் முன்பு இயல்பெனக் கொள்ளப்பட்டன. அங்கு வயதினும் பிறப்பே மேலோங்கி நின்றது. இவ்வொழுங்கு தானே தளர்ந்துவிடவில்லை. 1929ஆம் ஆண்டுச் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. 1930களில் பெரியார் 'தோழர்' என்னும் முன்னொட்டைப் பரப்பினார். 1967க்குப் பின் அரசு வழக்கில் 'ஸ்ரீ' நீங்கித் 'திரு' இடம்பெற்றது. பள்ளிக் கல்வியும், ஊரைவிட்டு வெளியே வேலை தேடும் வாய்ப்பும் இவற்றுக்குத் துணைநின்றன. இன்று முன்பின் அறியாத முதியவரை 'நீ' என்பது பொதுவாகப் பண்பின்மை எனப்படுகிறது. பிறப்பின் இடத்தை வயதும் அறிமுகமும் பெற்று வருகின்றன. எனினும் இம்மாற்றம் எங்கும் முழுமை பெற்றுவிட்டதெனக் கூற இயலாது.

குடும்பத்தினுள் மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்கிறது. கணவன் பெயரைச் சொல்லாது 'என்னங்க' என்று அழைத்த தலைமுறைக்குப் பின், பெயர் சொல்லி 'நீ' என்னும் தலைமுறை வந்துள்ளது. தாயை 'நீ' என்றும் தந்தையை 'நீங்க' என்றும் விளித்த வேறுபாடும் பல வீடுகளில் மறைந்து வருகிறது. ஆனால் உழைக்கும் குடும்பங்கள் பலவற்றில் மனைவி கணவனை 'நீ' என்பது முன்பே உண்டு. எனவே இதனைத் தமிழ்ச் சமூகத்தின் புதுமை எனப் பொதுமைப்படுத்துவது நடுத்தர வகுப்பின் வழக்கையே தமிழ் வழக்காகக் கொள்வதாகும்.

4. மொழிபெயர்ப்பாளரின் தேர்வு

ஆங்கிலப் படர்க்கைப் பெயரில் உயர்வு, தாழ்வு இல்லை. மலையாளத்தில் 'அவன்', 'அயாள்', 'அத்தேஹம்' எனப் பெயர்கள் படிநிலை காட்டினும், வினைமுற்று பால் காட்டுவதில்லை. யார் வரினும் 'வந்நு' என்பதே. தகழியின் 'செம்மீன்' (1956) போன்ற நாவலைத் தமிழாக்குவோர், மூலத்தில் விகுதியே இல்லாத இடங்களிலெல்லாம் 'ஆன்', 'ஆர்' என்பவற்றுள் ஒன்றை இட்டு நிரப்ப வேண்டியுள்ளது. செம்பன்குஞ்ஞு மணப்பருவ மகளின் தந்தை. அதே வேளையில் மீனவர். அவருக்கு எவ்விகுதி என்னும் வினாவுக்கு மூலம் விடை தராத இடங்களில், மொழிபெயர்ப்பாளரின் சமூக நோக்கே விடை தருகிறது.

இங்கு இருவகைப் பிழைகள் நேர்கின்றன. முதல் வகை, தொழிலைப் பார்த்து விகுதி இடுவது. மருத்துவர் 'வந்தார்', வண்டிக்காரன் 'வந்தான்' என எழுதும்போது மூல ஆசிரியர் செய்யாத பாகுபாடு தமிழில் புகுகிறது. இரண்டாம் வகை, இக்கால நாகரிகம் கருதி எல்லாவற்றையும் 'அவர்', 'நீங்கள்' எனச் சமப்படுத்துவது. 1930களின் பண்ணையார் தம் கூலியாளை 'நீங்கள்' என விளித்தால், கதை காட்ட வந்த கொடுமையே மறைந்துவிடும்.

எனவே உரையாடலையும் கதைகூற்றையும் பிரித்து நோக்க வேண்டும். உரையாடல் அக்காலச் சமூகத்தின் சான்று. அதனைத் திருத்துதல் தகாது. கதைகூற்றில் மூலம் படிநிலை காட்டாத இடங்களில் மொழிபெயர்ப்பாளரே பொறுப்பு. அங்கும் ஒருமை விகுதி வந்தவுடன் இழிவு எனக் கொள்ளலாகாது. தற்காலத் தமிழ்ப் புனைகதை தன் தலைவனை 'அவன்' என்பது நெருக்கம் பற்றியதே. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) ஆரோக்கியத்தை 'அவள்' எனக் குறிப்பதும் தாழ்த்துவதற்கு அன்று. சீர்மையே உரைகல். ஏறத்தாழ ஒத்த வயதும், கதைசொல்லியிடம் ஒத்த நெருக்கமும் உடைய இருவருள் முதலாளி 'ஆர்' பெற்றுத் தொழிலாளி 'ஆன்' பெற்றால், மூலத்தில் அதற்கு ஆதாரம் இல்லாதபோது, அவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளருடையது. நூலைத் திறனாய்வோர் இவ்விணைகளை எடுத்து ஒப்பிட்டாலே உண்மை புலப்படும்.

5. முடிவு

பிறமொழியிலிருந்து தமிழுக்கு வருவோர் இல்லாத விகுதியைச் சேர்க்கின்றனர்; தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்வோர் இருந்ததை இழக்கின்றனர். முன்னவர்க்குச் சீர்மையும், பின்னவர்க்கு இழந்த படிநிலையை விளி, தொனி முதலியவற்றால் ஈடுசெய்யும் திறனும் தேவை. அகராதியாளரும் 'நீ' என்பதற்கு முன்னிலை ஒருமை எனப் பொருள் தருவதோடு அமையாது, யார் யாரை, எக்காலத்தில், எவ்வுறவில் அவ்வாறு விளித்தனர் என்னும் வழக்குக் குறிப்பையும் சேர்த்தல் வேண்டும். அக்குறிப்பின்றேல், முதிய பண்ணையாளை நோக்கிச் சிறுவன் சொன்ன 'நீ'யும் கணவனை நோக்கி மனைவி சொல்லும் 'நீ'யும் அடுத்த தலைமுறை வாசகருக்கு ஒரே சொல்லாகத் தோன்றும். ஒன்று அடக்குமுறையின் அடையாளம் என்பதும் மற்றொன்று நெருக்கத்தின் அடையாளம் என்பதும் புலப்படாமற் போகும்.